சிறுகுளம் கமநலத்துக்கு, பெருங்குளம் நீர்ப்பாசனத்துக்கு, மதகு சபைக்கு

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகு, திருகோணமலை மாவட்டத்தில் புதிதாகச் சபைக்குப் போன சில உறுப்பினர்கள் என்னிடம் பேசினார்கள். கேட்டது ஏறக்குறைய ஒன்றுதான். "அக்கா, வெள்ளம் வந்தாலும் எங்களத்தான் ஏசுறாங்கள், தண்ணி இல்லாட்டியும் எங்களத்தான் ஏசுறாங்கள். குளத்தில கைவைக்க சபைக்கு அதிகாரம் இல்ல எண்டு செயலாளர் சொல்றார். அப்ப நாங்க என்னதான் செய்யிறது?"

2018 முதல் 2023 மார்ச் வரை நானும் இந்த மாவட்டத்தில் ஒரு பிரதேச சபையில் உறுப்பினராக இருந்தேன். பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்த முதல் தேர்தல் அது. பட்டியலில் வந்தவள் நான். எந்தச் சபை என்று எழுதப்போவதில்லை. இதில் வருகிறவர்களில் பாதிப்பேரை இப்போதும் சந்தையில் காண்கிறேன். அந்த ஐந்து வருடத்தில் தண்ணீர் விடயத்தில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

செயலாளர் சொல்வதில் பிழை இல்லை. 80 ஹெக்டேயருக்கு, அதாவது சுமார் 200 ஏக்கருக்குக் குறைந்த வயலுக்குப் பாயும் குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அதைவிடப் பெரியது நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. அதிலும் ஒரு மாகாணத்துக்குள் தொடங்கி அங்கேயே முடியும் நீர் என்றால் மாகாணத் திணைக்களம், மாகாணம் தாண்டி வந்தால் மத்திய திணைக்களம். குழாய்த் தண்ணீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு. ஆற்று மணல் அனுமதி புவிச்சரிதவியல், சுரங்கப் பணியகத்துக்கு. கடற்கரையிலிருந்து உள்ளே 300 மீற்றர் கரையோரம் பேணும் திணைக்களத்துக்கு. குளத்துக்கு மேலே உள்ள காடு வன இலாகாவுக்கு. குளக்கட்டில் சபை கைவைக்கக் கூடாது என்பதையும் நான் ஏற்கிறேன். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது மாரிமழையில் அல்ல. கட்டு என்பது அதைப் படித்தவர்கள் பார்க்க வேண்டிய காரியம்.

இவ்வளவு பேருக்கும் கொடுத்தது போக, 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் எங்களுக்கு விட்டது வீதி, சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள். கேட்க மிச்சம் மீதி போலத்தான் இருக்கும். ஆனால் மேட்டில் விழுந்த மழை குளத்துக்கு வந்து சேர்வதற்குள் வீதியைக் கடக்கிறது, வீட்டு மதிலைக் கடக்கிறது, கடை வாசலைக் கடக்கிறது, குப்பை மேட்டைக் கடக்கிறது. இந்த நான்கிலும் சபையின் கையெழுத்து இருக்கிறது, அல்லது இருந்திருக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் இரண்டு சிறிய குளங்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேற்குளம் நிறைந்து வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் வயல்வெளிக்குள் இறங்கிக் கீழ்க்குளத்துக்குப் போகும். கீழ்க்குளம் நிறைந்தால் மிச்சம் கடலோரக் களப்புக்கு. நடுவே ஒரு கிரவல் வீதி. அதை கொங்கிரீட் போட்டுத் தரச் சொல்லி ஊர் பல வருடமாகக் கேட்டது. கடைசியில் காசு வந்தது, வீதியும் வந்தது. பழைய கிரவலின் மேல் இன்னும் கிரவல் கொட்டி இறுக்கி, அதன்மேல் கொங்கிரீட் போட்டதில் வீதி ஒரு அடிக்கு மேல் உயர்ந்துவிட்டது. தண்ணீர் போவதற்கு வீதிக்கு அடியில் இரண்டு ஹியூம் குழாய், அதாவது கொங்கிரீட் குழாய், வைத்திருந்தார்கள். திறப்பு விழாவில் யாரும் குழாயைப் பார்ப்பதில்லை.

அந்த மாரியில் வீதிக்கு மேற்புற வயல் எல்லாம் தண்ணீருக்குள். விதைத்து ஒரு மாதமான பயிர் அழுக, வீதிக்குக் கீழே இருந்த விவசாயிகள் குளம் நிறையவில்லை என்று முறைப்பட்டார்கள். குழாய் இரண்டிலும் சல்வீனியா என்ற நீர்க்களையும் வைக்கோலும் அடைத்து நின்றன. ஓர் இரவு யாரோ அலவாங்கு கொண்டுவந்து புது வீதியை வெட்டிவிட்டார்கள். மறுநாள் சபையில் பெரிய சத்தம். பொதுச் சொத்துச் சேதம், பொலிஸுக்குப் போக வேண்டும் என்று ஒரு பக்கம். வெட்டினவன் செய்தது சரி என்று இன்னொரு பக்கம். ஒப்பந்தக்காரர் மதிப்பீட்டின்படிதான் செய்தேன் என்றார். தொழில்நுட்ப உத்தியோகத்தர், குழாயின் அளவு போதும், விவசாயிகள்தான் வாய்க்காலைத் துப்புரவாக வைப்பதில்லை என்றார். விவசாய அமைப்பின் தலைவர், "குழாய் உயரத்தில கிடக்கு மிஸ், வாய்க்கால வெட்டி என்ன பிரயோசனம்" என்றார். இரண்டு தரப்பும் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

இதைத் தீர்த்தது பொறியியலாளரின் கருவி அல்ல. ஊரில் வீடு கட்டும் மேசன் ஒருவர் கண்ணாடி போல உள்ளே தெரியும் தன் நீளக் குழாயைக் கொண்டுவந்தார். மட்டம் பார்க்கிற அதே சாதாரணக் குழாய்தான், உள்ளே தண்ணீர். ஒரு முனையை ஹியூம் குழாயின் அடியில் ஒரு தடியோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். மறு முனையை மேற்புற வயலில், தண்ணீர் பழைய காலத்தில் ஓடிய தாழ்விடத்தில் இன்னொரு தடியோடு பிடித்தார். குழாய்க்குள் தண்ணீர் கொஞ்ச நேரம் ஏறி இறங்கி நின்றது. நின்ற இடத்தில் இரு தடியிலும் கரியால் கோடு போட்டார். பிறகு தடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். குழாயின் அடி வயலைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. உத்தியோகத்தர் குனிந்து பார்த்தார், ஒப்பந்தக்காரர் பார்த்தார், தலைவரும் பார்த்தார். அதன்பிறகு யாரும் சத்தம் போடவில்லை. பொலிஸ் முறைப்பாடும் போகவில்லை. அடுத்த கோடையில் குழாய்களை எடுத்துவிட்டு, வீதிக்கு அடியால் தண்ணீர் போக, அடிமட்டம் வயலோடு பொருந்தும்படி பெட்டி மதகு ஒன்று கட்டினோம்.

அதிலிருந்து சபையில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தோம். வயலையோ நீரோடையையோ கடக்கும் எந்த வீதிக்கும் மதிப்பீடு செய்யும்போது, மதகின் அடிமட்டம் எங்கே என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டும். கமநல சேவை நிலையத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் விவசாய அமைப்பின் தலைவரும் இடத்துக்கு வந்து பார்த்து அதில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் கொங்கிரீட் ஊற்ற விடுவதில்லை. புதிய உறுப்பினர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். சட்டமும் வேண்டாம், திட்ட அறிக்கையும் வேண்டாம், முதல் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் போதும்.

அடுத்த சிக்கல் காசு. மதகிலிருந்து கீழ்க்குளம் வரையுள்ள வாய்க்காலைச் சபையின் பெக்கோ இயந்திரத்தால் துப்புரவாக்க விரும்பினோம். வாய்க்கால் சபையின் சொத்து அல்ல. சபை காசைச் செலவழித்தால் கணக்காய்வு ஐயவினா வரும், பதில் எழுதுவது செயலாளர். அவர் தயங்கியதில் ஒரு குறையும் இல்லை. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவான விவசாய அமைப்புக்கு அந்த வாய்க்காலில் வேலை செய்ய இடமிருக்கிறது. ஆகவே அமைப்பு சபைக்குக் கடிதம் எழுதி இயந்திரத்தை வாடகைக்குக் கேட்டது. டீசல் அவர்களுடையது. சபை குறைந்த வாடகைக்குக் கொடுக்கத் தீர்மானம் எடுத்தது. கமநல உத்தியோகத்தர் வேலையை மேற்பார்வை செய்வதாக எழுதினார். மூன்றும் ஒரே தாளில். அந்தத் தாளின் பிரதியை இன்னமும் வைத்திருக்கிறேன், கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன். பெரிய பெரிய கூட்டங்களில் "ஒருங்கிணைப்பு" என்று பேசுவதைவிட அந்த ஒரு தாள் கூடுதலாக வேலை செய்தது.

இதைவிடக் கடினமானது நாட்காட்டி. சபையின் ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. டிசம்பரில் வரவு செலவுத் திட்டம், பிறகு மதிப்பீடு, அங்கீகாரம், கேள்விப்பத்திரம், ஆண்டு நடுவில் எப்போதாவது காசு. வேலை தொடங்கும்போது செப்டெம்பர் கடைசி. எங்கள் பக்கத்து மழையில் பெரும் பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டுகிறது. வீதியும் மதகும் பாதி வெட்டிய நிலையில் வடகீழ்ப் பருவக்காற்று வந்து நிற்கும். ஆண்டுதோறும் இதே கூத்து. பெறுகைத் திட்டத்தில் நீரோடு தொடர்புள்ள வேலைகளைத் தனியாகப் பிரித்து, சிறுபோக (கோடை நெல்) அறுவடைக்கும் முதல் மழைக்கும் இடையில் முடிய வேண்டியவை என்று குறியுங்கள். மற்ற வீதிகள் பின்னால் வரட்டும். இதற்குச் சண்டை பிடிக்க வேண்டிவரும். ஒவ்வொரு வட்டார உறுப்பினருக்கும் தன் வீதிதான் முதல்.

அந்த இடைவெளி எந்தத் திகதியில் விழும் என்பது ஒவ்வொரு நெற்போகத்துக்கும் முன் விவசாயிகளோடு நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில்தான் தெரியும். எப்போது விதைப்பது, எப்போது குளத்தின் துருசைத் திறந்து தண்ணீர் விடுவது, கடைசித் தண்ணீர் எப்போது, மாடுகளை எப்போது வெளியேற்றுவது என்பதெல்லாம் அங்கே முடிவாகும். சபை உறுப்பினருக்கு அங்கே நாற்காலி போட்டு யாரும் அழைப்பதில்லை. நான் போன முதல் தடவை, "மெம்பருக்கு வயல் இருக்கோ?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். வயல் இல்லை. ஆனால் மாடு கட்டாக்காலியாக வீதிக்கு வந்தால் பிடிக்கும் அதிகாரம் சபைக்கு இருக்கிறது. மாடுகளை எங்கே அடைப்பது என்ற பேச்சு வந்தவுடன் என்னையும் பேச விட்டார்கள். பேசாமல் இருந்து கேட்டாலும் பயன்தான். பிரதேச செயலாளர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநலம், விவசாயிகள் எல்லோரும் ஒரே மண்டபத்தில் கூடும் நாள் அது.

சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பல சபைகள் அதைப் பயன்படுத்துவதில்லை. நாங்கள் சுற்றாடல் குழுவில் விவசாய அமைப்புக்காரர் ஒருவரையும் களப்பில் மீன்பிடிக்கும் சங்கத்திலிருந்து ஒருவரையும் எடுத்தோம். மீன்பிடிக்காரர் ஒரு முஸ்லிம் காக்கா. களப்பைக் கடலுக்குத் திறக்க முகத்துவாரத்தை வெட்டும் பேச்சு வந்தால் இவர்கள் இருவரும் எதிரும் புதிரும். வயல் வடிய வேண்டும் என்று ஒருவர், இப்போதே வெட்டினால் இறால் போய்விடும் என்று மற்றவர். ஆனால் மேலிருந்து வரும் குப்பையைப் பற்றி என்றால் ஒரே குரல்.

அந்தக் குப்பை எங்கள் சபையுடையது அல்ல. மேற்குளத்துக்கு மழைநீர் வரும் சரிவில், எல்லைக்கு அப்பால், பக்கத்துச் சபை குப்பை கொட்டிவந்தது. அங்கே சிங்களக் கிராமங்கள். எங்கள் கடிதங்கள் தமிழில் போயின, பதில் வரவில்லை. பிறகு சிங்களத்தில் எழுதி, எங்கள் செயலாளரும் சில உறுப்பினர்களுமாக நேரே போனோம். அங்கிருந்த தவிசாளர் மரியாதையாகத்தான் பேசினார். வேறு காணி இல்லை, உள்ள காணியெல்லாம் காடு அல்லது யானை என்றார். அவருக்கும் எங்களிடம் ஒரு முறைப்பாடு இருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து போகும் மணல், கிரவல் டிப்பர்கள் அவருடைய சிறு வீதிகளை உடைக்கின்றன. கேட்கப் போன இடத்தில் கேட்கவும் வேண்டியிருந்தது. முடிவில், அந்தச் சரிவின் முகட்டுக்கு மறுபுறம், எங்கள் குளத்துக்கு நீர் வடியாத பக்கத்துக்குக் குப்பையை மாற்ற அவர் சம்மதித்தார். குழி வெட்ட எங்கள் பெக்கோ போனது. டிப்பர்களுக்கு எங்கள் பக்கத்தில் நேரமும் பாதையும் கட்டுப்படுத்தினோம். முழுவதும் சரியாகவில்லை. பழைய மேட்டிலிருந்து பொலித்தீன் இப்போதும் மழையோடு வருகிறது, டிப்பர்காரரும் இரவில் ஓடுகிறார்கள். இருந்தாலும் இரண்டு சபையும் ஒன்றின் தொலைபேசிக்கு மற்றது பதில் சொல்கிறது.

குளங்களைத் தனித்தனியாகத் திருத்துவதில் பயனில்லை, தொடராக எடுக்க வேண்டும் என்ற எண்ணம் இப்போது பெரிய திட்டங்களுக்கும் வந்துவிட்டது. பசுமைக் காலநிலை நிதியத்தின் உதவியோடு மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயா படுகைகளில் அப்படித்தான் செய்தார்கள். புல்மோட்டைப் பக்கம் கடலில் விழும் யான் ஓயா நமக்கும் சொந்தம். பழைய ஆட்கள் குளத்தின் அலைகரையில் மருதும் நாவலும் விட்டுவைத்தார்கள், வண்டல் தங்கக் குழி விட்டார்கள், கட்டுக்குக் கீழே மரங்களை வெட்டவில்லை. வீதி அகலிப்பு, விளையாட்டு மைதானம் என்று சபைகள் தொடும் முதல் இடம் பெரும்பாலும் அந்த மரங்கள்தான்.

கரையோரச் சபைகளின் கதை வேறு. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று போகும் மணல் கரையில் நன்னீர், கீழே உள்ள உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. மேலே ஒரு அடியை மோட்டரால் இறைத்து முடித்தால் கீழே 40 அடியும் உப்பு ஏறி வரும். பக்கத்து வளவின் கிணறு ஏன் திடீரென்று உவர்த்தது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மணலில் மலக்குழித் தண்ணீரும் வேகமாக இறங்கும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லுவார், ஆனால் கட்டட வரைபடத்தில் அயல் வளவின் கிணறு காட்டப்பட்டிருக்காது. விண்ணப்பத்தோடு சுற்றியுள்ள கிணறுகளைக் குறித்த ஒரு கைப்படத்தைக் கேளுங்கள். சபைக்குச் செலவு ஒன்றும் இல்லை. தாழ்மட்ட மாசுள்ள தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் கொடுப்பதும் உள்ளூராட்சி மன்றம்தான். அதைப் புதுப்பிக்க வரும்போது கழிவுநீர் எங்கே போகிறது என்று ஒருமுறை நேரில் பார்த்தால் பாதி வேலை முடியும்.

மூதூர், வெருகல், கிண்ணியாப் பக்கத்து உறுப்பினர்களுக்கு நான் பெரிதாகச் சொல்ல முடியாது. 335 கிலோமீற்றர் ஓடி வரும் மகாவலியின் வால் அங்கே. மலைநாட்டு மழை அவர்கள் வாசலுக்கு வருகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மாவிலாற்றுக் கட்டு உடைந்ததை எல்லோரும் கண்டோம். ஆற்றின் மேற்புறம் மனம்பிட்டியவில் மட்டம் ஏறுகிறது என்ற செய்தி வரும் நேரத்தில் எந்தப் பாடசாலையின் தரை எவ்வளவு உயரம், எந்த வீதி முதலில் மூழ்கும் என்பது சபையிடம் எழுத்தில் இருக்க வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு கிணறுகளை இறைத்துக் குளோரின் போட ஆளும் பம்பும் வேண்டும். அதற்குமேல் அந்தப் படுகை கொழும்பின் மேசையில் உள்ளது.

எல்லாவற்றிலும் எனக்குக் கூடுதலாகக் கைகொடுத்தது ஒரு கொப்பி. கோடையில் தண்ணீர் பவுசர் எங்கே போனது, எத்தனை லீற்றர் இறக்கியது என்று ஓட்டுநர் எழுதும் பதிவு. டீசல் கணக்குக்காக வைத்திருந்தது. எங்கள் ஓட்டுநர் தம்பி ஓரத்தில் தானாகவே சின்னதாகக் குறித்திருந்தான்: "கிணறு வத்தல்", "கிணறு உப்பு", "கிணத்தில தண்ணி இருக்கு, சும்மா கேக்கிறாங்கள்". சில வருடக் கொப்பிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எந்தக் குடியிருப்பில் ஜூனிலேயே கிணறு வற்றுகிறது, எங்கே ஓகஸ்ட்டில் உப்பேறுகிறது என்று வரிசையாகத் தெரிந்தது. வற்றும் கிணறுகள் பெரும்பாலும் கீழ்க்குளத்தைச் சுற்றி இருந்தன, குளம் நிறையாத வருடங்களில் இன்னும் முன்கூட்டி வற்றின. வீதி மதகும் குடிநீர்க் கிணறும் ஒரே பிரச்சினை என்பதைச் சபையில் அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

அதை ஒரு பக்கப் பட்டியலாக்கி, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கு எடுத்துச்செல்லும்படி பிரதேச செயலாளரிடம் கொடுத்தோம். குழாய் நீட்டிப்பு எந்த ஊருக்கு முதலில் என்று பேசிய இடத்தில், கையில் எழுத்துக் கணக்கு இருந்தது எங்களிடம் மட்டும்தான். முதல் கட்டத்தில் அந்தக் குடியிருப்புகளில் இரண்டு சேர்ந்தன. மூன்றாவது இன்னும் பவுசரில்தான் இருக்கிறது. கொப்பியைத் தொடர்ந்து எழுதச் சொல்லிப் புதிய உறுப்பினரிடம் சொல்லியிருக்கிறேன். ஓட்டுநர் மாறிவிட்டார், ஓரக் குறிப்பு எழுத வேண்டும் என்பதை அவருக்கும் யாராவது சொல்ல வேண்டும்.